சிவப்பு டேப் ஒட்டாத பகல்

டேப்காரர் என்று சொன்னால் போதும். அந்தத் தெருவில் எந்தக் கடைக்காரரும் கையை நீட்டி வழி காட்டிவிடுவார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய கடை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டு முழுக்க வயிறு திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர்கள். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. நெற்றியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அவர் வேலை பார்ப்பதைப் பார்த்தால், ஆபரேஷன் நடக்கிற அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும்.

பழுதான ஹார்ட் டிஸ்க் எது வந்தாலும், வேலையைத் தொடங்குமுன் ஒரு துண்டு சிவப்பு டேப்பைக் கிழித்து அதன் முதுகில் ஒட்டுவார். அதில் இருப்பதைக் காப்பி எடுத்து வைக்கப்போகும் வெற்று டிஸ்க்குக்குப் பச்சை டேப். பிறகு இரண்டின் சீரியல் நம்பரிலும் கடைசி நான்கு எழுத்துகளை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, உரக்க இரண்டு முறை படிப்பார். அதே எழுத்துகள் திரையிலும் தெரிந்த பிறகுதான் மவுஸைத் தொடுவார்.

பட்டப்பெயர் வந்த விதம் ஊருக்கே தெரியும். பழக்கம் வந்த விதம் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை காலையில் தையல்கார அம்மா தன் கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு வந்து இறங்கினாள்.

"தம்பி, செத்துப் போச்சு. மூணு தடவை 'பீப் பீப்'னு கத்திட்டு வாயை மூடிடுச்சு. என் டிசைன் எல்லாம் உள்ள இருக்கு. போச்சுன்னா நானும் கூடவே போயிடுவேன், சொல்லிட்டேன்."

"உங்களை அனுப்பிட்டு அப்புறம் நான் யார்கிட்டம்மா சட்டை தைக்குறது? உக்காருங்க."

மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த மெமரிப் பட்டையை உருவி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் மெல்லத் தேய்த்தார். ஊதினார். திரும்பச் சொருகினார். பொத்தானை அழுத்தியதும் திரையில் வெளிச்சம் வந்தது.

தையல்கார அம்மா வாயைப் பிளந்தாள். "அவ்ளோதானா? ரப்பரா? தம்பி, எங்க வீட்டுக்காரரையும் ஒரு நாள் கூட்டிட்டு வரேன், தலையில லேசாத் தேய்ச்சு விடுங்க. கூப்பிட்டா எந்திரிக்கவே மாட்டேங்குறாரு."

"அது என் லைன் இல்லம்மா."

அவள் சிரித்துக்கொண்டே கிளம்பும்போது, அவர் வேறொருவருடைய டிஸ்க்கில் சிவப்பு டேப்பை ஒட்டி நம்பரை உரக்கப் படிக்கத் தொடங்கியிருந்தார். அவள் நின்று பார்த்தாள்.

"எவ்வளவு கவனம்! இதெல்லாம் எங்க தம்பி கத்துக்கிட்டீங்க?"

"அனுபவம்மா" என்றார்.

பன்னிரண்டு வருடமாக இந்தக் கேள்விக்கு அதே பதில்தான். சொல்லிவிட்டு எச்சில் விழுங்குவார். அது யாருக்கும் தெரியாது.

வெயில் ஏறியபோது, கடை வாசலில் அவருடைய அக்கா மகள் வந்து நின்றாள். இருபத்தொரு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவள் கையில் வந்த ஒரு கண்ணாடிக் குழாய்கூட இதுவரை உடைந்ததில்லை என்று அங்கே அவளுக்கு நல்ல பெயர். எதை எடுத்தாலும் இரண்டு கையால்தான் எடுப்பாள். டீ டம்ளர், பேனா, கதவுச் சாவி எல்லாவற்றுக்கும் இரண்டு கைதான். வீட்டில் அவளுக்கு வேறு பெயர். ஒன்பது வயதில் ஒரு பொருளைக் கீழே போட்ட நாளிலிருந்து உறவுக்காரர்கள் வைத்த பெயர் 'பூகம்பம்'. 'பூகம்பம் வருது, கண்ணாடி சாமானையெல்லாம் மேல எடுத்து வைங்க' என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

"என்ன கண்ணு, இந்த நேரத்துல?"

"பர்மிஷன் போட்டுட்டு வந்தேன் மாமா. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. அவங்க காதுல விழுந்தா அடுத்த நிமிஷம் அம்மாவுக்குப் போன் போயிடும்."

"உங்க அத்தைக்கு வாய்ல பூட்டு கிடையாது, தெரிஞ்ச விஷயம்தானே. உள்ள வா."

அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து மேஜையில் வைத்தாள். பூப்போட்ட பழைய கைக்குட்டை. முடிச்சை அவள் அவிழ்க்கும் முன்னரே உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 

"அப்பாவோட டிஸ்க் மாமா. நான் கீழ போட்டது."

"இது... இன்னும் இருக்கா?"

"நீங்க திருப்பிக் குடுத்தப்ப அப்பா குப்பையில போடச் சொல்லிட்டாரு. நான்தான் எடுத்து என் துணி பீரோவுக்குள்ள ஒளிச்சு வச்சேன்." அவள் ஒரு காகிதத்தையும் எடுத்து விரித்தாள். "ஒரு லேப் இருக்கு மாமா. தூசியே இல்லாத ரூம்ல வச்சு டிஸ்க்கைத் திறப்பாங்களாம். விழுந்தது, நனைஞ்சது, எரிஞ்சது எல்லாத்துலயும் எடுத்துக் குடுக்குறாங்க. என்கூட வேலை பாக்குற அக்காவோட தம்பிக்கு எடுத்துக் குடுத்திருக்காங்க. இந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பணும். எல்லாம் எழுதிட்டேன். இந்த ஒரு கட்டம் மட்டும் உங்களுக்குத்தான் தெரியும்."

அவள் விரல் வைத்த இடத்தில், 'இதற்கு முன் இந்த டிஸ்க்கில் யார், என்ன செய்தார்கள்? முழுமையாக எழுதவும்' என்று அச்சிட்டிருந்தது. கீழே ஒரு வெற்றுக் கட்டம்.

"இப்ப என்ன திடீர்னு?" என்றார்.

"இந்த மாசத்தோட அப்பா ரிட்டயர் ஆகுறாருல்ல மாமா. மேடையில பேசுறதுக்குக் குறிப்பு எடுக்கணும்னு பள்ளிக்கூடத்துல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. 'சார், நீங்க புத்தகம் ஏதாவது எழுதியிருக்கீங்களா'ன்னு கேட்டாங்க. 'ஒண்ணு எழுதினேன், வெளிய வரல'ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு." அவள் கைக்குட்டையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "அப்ப அவரு சுவத்தைப் பாத்தாரு, ஃபேனைப் பாத்தாரு, வந்தவங்க செருப்பைப் பாத்தாரு. என்னை மட்டும் பாக்கல மாமா. பாத்தா நான் வருத்தப்படுவேன்னு பாக்கல. ஒரு தடவை திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. திட்டவே இல்லையே மாமா அவரு."

அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. நெற்றி விளக்கின் வெளிச்சம் அந்த வெற்றுக் கட்டத்தின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவீங்கல்ல, அப்ப எழுதிக் கொண்டு வாங்க மாமா. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. கிடைச்சா சொல்லலாம்னு இருக்கேன்."

அவள் போய்விட்டாள். டிஸ்க் மேஜையில் இருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். ஆனால் அந்தப் புத்தகம் பள்ளிக்கூடத்தில் பிறந்ததல்ல. மகளுக்கு நான்கு வயதானபோது, 'அப்பா, ஐஸ் தண்ணி வச்ச டம்ளருக்கு ஏன் வேர்க்குது?' என்று கேட்டாள். அன்று ஆரம்பித்தது. ஈரத்துணி காய்ந்தால் தண்ணீர் எங்கே போகிறது, குக்கர் ஏன் கோபப்படுகிறது என்று அவள் கேட்கக் கேட்க அவர் எழுதினார். ஒவ்வொரு கேள்வியும் ஓர் அத்தியாயம். படங்களையும் தானே வரைந்தார். முப்பத்திரண்டு அத்தியாயங்கள் என்று கணக்கு. ஐந்து வருடத்தில் இருபத்தேழு முடிந்திருந்தது. பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது, எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் போட்டு வையுங்கள் என்று யோசனை சொன்னதும் டேப்காரர்தான். அப்போது அவருக்கு அந்தப் பட்டப்பெயர் இல்லை. அப்போது அவர் வெறும் 'தம்பி'.

ஒரு நாள் புது அத்தியாயத்தை உடனே பார்க்க வேண்டும் என்று மகள் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கை நழுவியது. முழங்கால் உயரத்திலிருந்துதான் விழுந்தது. ஆனாலும் அதன் பிறகு கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ள நேரமெடுத்தது. ஃபைல்களைத் திறந்தால் பாதியில் நின்றது.

தம்பி வந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். அழுது வீங்கிய குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "இதுக்குப் போயா அழுவே? மாமா பத்து நிமிஷத்துல எடுத்துத் தரேன் பாரு" என்றார். அந்தப் பத்து நிமிடம் என்ற சொல்லை நினைத்தால் இன்றும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

கடையில் சோதித்துப் பார்த்தார். பெரிய அடி இல்லை. நாலைந்து இடத்தில் கீறல். மற்றபடி முழுவதையும் காப்பி எடுத்துவிடலாம். அதே கம்பெனியில், அதே அளவில் ஒரு புது டிஸ்க்கை எடுத்தார். அடிபட்டதை முதல் சொருகியில் மாட்டினார். புதியதை இரண்டாவது சொருகியில். திரையில் இரண்டு வரி தெரிந்தது. ஒரே பெயர், ஒரே அளவு. முதலில் மாட்டியது முதல் வரியில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்குக் காப்பி ஓட்டினார்.

அடிபட்ட டிஸ்க் மெதுவாகத்தான் கண் விழிக்கும். ஆரோக்கியமானது சட்டென்று எழுந்து முதல் வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மற்ற கடைக்காரர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார். அன்று சீரியல் நம்பரைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்காமல், நாற்காலியில் சாய்ந்து, அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். "ஓடிக்கிட்டே இருக்குக்கா. சாயங்காலம் வாங்கிக்கோ. உன் தம்பின்னா சும்மாவா?"

காதுதான் முதலில் சொன்னது. அடிபட்ட டிஸ்க்கைப் படிக்கும்போது அது முக்கும், திணறும், நின்று நின்று போகும். இதுவோ தடங்கலே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து நம்பரைப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கினார். அதற்குள் இருபத்திரண்டு நிமிடம் போய்விட்டது. அந்த இருபத்திரண்டு நிமிடமும் வெற்று டிஸ்க்கின் வெறுமை அத்தானின் டிஸ்க்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டே இருந்தது. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் முன்பகுதியில்தான் இருக்கும். அதுதான் முதலில் அழிந்தது.

மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் தேடினார். அழியாத பகுதியில் சிதறிக் கிடந்ததைத் துண்டு துண்டாகப் பொறுக்கினார். பதினொரு அத்தியாயங்கள் முழுதாகக் கிடைத்தன. இன்னும் கொஞ்சம் பாதி பாதியாக, சில படங்கள். எதற்கும் பெயர் இல்லை. எல்லாம் வெறும் எண்களாக வந்தன. எல்லாவற்றையும் ஒரு சின்ன டிஸ்க்கில் போட்டார்.

அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போயிருந்தால்! அத்தான் காலில் விழுந்து, 'இவ்வளவுதான் மிச்சம், என் தப்பு' என்று சொல்லியிருந்தால்! ஆனால் அத்தான் அறிவியல் வாத்தியார். 'கீழ விழுந்த டிஸ்க்ல முன்பகுதி மட்டும் எப்படித் துடைச்சு வச்ச மாதிரி காலியாகும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மிச்சத்தையும் மறைத்தார்.

நான்காம் நாள் போய்ச் சொன்னார். "விழுந்ததுல உள்ள இருக்குற ஊசி ஒடிஞ்சு போச்சு அத்தான். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயதுக் குழந்தை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அத்தான் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. மகள் அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்கவில்லை. தம்பி மறுநாள் காலையில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சிவப்பு டேப்பும் ஒரு பச்சை டேப்பும் வாங்கி வந்தார். மிச்சம் இருந்த சின்ன டிஸ்க், திருகாணிகள் போடும் தகர டப்பாவின் அடியில் போனது.

அந்த வியாழக்கிழமை இரவு வரை படிவத்தின் வெற்றுக் கட்டம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தார். 'கீழே விழுந்தது. முயன்றேன். படிக்க முடியவில்லை.' நல்ல கையெழுத்துதான். கிழித்துப் போட்டார். லேபில் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊசி ஒடியவே இல்லை என்பார்கள். முன்பகுதி முழுக்க எவனோ மேலே எழுதியிருக்கிறான் என்பார்கள். ஊசி உண்மையாகவே ஒடிந்திருந்தால்தான்...

அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவருக்கே வியர்த்தது. ஆனால் அது போகவில்லை.

சனிக்கிழமை மதியம் தெரு சாப்பிடப் போயிருந்த நேரம். ஷட்டரைப் பாதி இறக்கினார். கைக்குட்டையை அவிழ்த்து டிஸ்க்கை எடுத்து ஒயரை மாட்டினார். நின்றுபோன டிஸ்க் விழுந்தால் பிழைத்தாலும் பிழைக்கும். சுழன்றுகொண்டிருக்கும்போது விழுந்தால் பிழைக்காது. அதுவும் அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் பீரோவுக்குள் தூங்கிய டிஸ்க் முனகியது, தயங்கியது, மெதுவாகக் கண் விழித்தது. உள்ளங்கையில் அது அதிர்வதை உணர்ந்தார். ஒயரோடு சேர்த்துத் தலைக்கு மேலே தூக்கினார். கீழே சிமெண்டுத் தரை. கையை விட்டால் போதும். ஒரு நொடி. அதற்குப் பிறகு எந்த லேபும், எந்தக் கட்டமும் அவரை ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணாந்து பார்த்தார். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் டிஸ்க்கின் அடிப்பக்கம் தெரிந்தது. அங்கே நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுகிற பெயர்ச் சீட்டு ஒன்று. அதில் பென்சிலால், கோணல்மாணலான குழந்தைக் கையெழுத்தில் இரண்டு வரிகள்.

'சாரி அப்பா. இனிமே நான் எதையும் தொட மாட்டேன்.'

தூக்கிய கை இறங்க மறுத்தது, அப்படியே நின்றார். பிறகு டிஸ்க்கை மேஜையில் வைத்து, ஒயரை உருவிவிட்டு, திருகாணிகள் சிதறிக் கிடந்த தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சலவைக் கடைக்காரர் ஷட்டருக்குக் கீழே குனிந்து, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார். "தூசி" என்றார் டேப்காரர். அந்த நேரத்தில்கூட வாயில் பொய்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு முடிந்திருந்தது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தான் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேஜையைச் சுத்தம் செய்ய வந்த மகள் கண்ணாடி ஜாடியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஏய், அதைத் தொடாதே! நான் எடுத்துக்குறேன்" என்றாள் அக்கா, பழக்கத்தில்.

மகள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், அதுவும் பழக்கத்தில்.

அந்த இழுத்துக்கொண்ட கையைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தையும், நிரப்பாத படிவத்தையும், தகர டப்பாவிலிருந்து எடுத்து வந்த சின்ன டிஸ்க்கையும் மேஜையில் வைத்தார்.

"அக்கா, அவ உடைக்கல."

"எதை?"

"அத்தானோட டிஸ்க்கை. அவ கீழ போட்டதுல அதுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் அழிச்சேன்."

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. டேப்காரர் சொல்லத் தொடங்கினார். திரையில் தெரிந்த இரண்டு வரி, இருபத்திரண்டு நிமிடம், போனில் பேசிய பெருமை, ஊசி ஒடிந்தது என்று சொன்ன பொய் எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. பூமி சும்மாயிருந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் பேசியது மகள்தான். "அப்ப... நான் போட்டதுல ஒண்ணுமே ஆகலையா மாமா?"

"நாலஞ்சு கீறல் கண்ணு. முழுசா எடுத்திருக்கலாம். சாயங்காலத்துக்குள்ள எடுத்திருக்கலாம்."

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்தச் சின்னது என்ன?"

"அழியாம மிஞ்சினது அத்தான். பதினோரு அத்தியாயம் முழுசா இருக்கு. மத்தது துண்டு துண்டா. பேரு எதுவும் வரல, வெறும் நம்பர்தான். நீங்கதான் வரிசைப்படுத்தணும்."

"இதை எப்ப எடுத்தே?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தெரிந்தும் அவர் பொட்டலத்தின் முடிச்சை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார்.

"எப்ப எடுத்தேன்னு கேக்குறேன்."

"அப்பவே அத்தான். மூணாவது நாளே."

"அப்பவேவா" என்றார் அத்தான். கோபத்தில் இல்லை. வகுப்பில் ஒரு மாணவன் சொன்ன விடையை நம்ப முடியாமல் திரும்பச் சொல்லிப் பார்ப்பது போல. "பன்னெண்டு வருஷமா உன்கிட்டதான் இருந்துச்சா."

அக்காதான் வெடித்தாள். "டேய், மாசம் ஒரு தடவை இங்க வந்து சாப்பிட்டுப் போனியேடா! 'தொடாதே, தொடாதே'ன்னு இந்தப் பிள்ளைய நான் விரட்டுறப்பல்லாம் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தியேடா! பூகம்பம்னு ஊரே சிரிச்சப்ப நீயும் சேர்ந்துதானேடா சிரிச்சே? உனக்கு அந்த வாய் எப்படிடா வந்துச்சு?"

சிரித்திருக்கிறார். அதுவும் உண்மைதான்.

"அக்கா, என்னை அடிச்சுடு."

"அடிச்சா? அடிச்சா உனக்குச் சுலபமாப் போயிடும்" என்றாள் அக்கா. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, மகளின் வலது கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அவர் அத்தானைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து, 'வாடா தம்பி, உக்காரு, சாப்பிட்டியா' என்று மட்டுமே பேசிப் பழகியவர். அத்தான் பேப்பரை நான்காக மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்தார்.

"நீங்க கிளம்புங்க" என்றார்.

நீங்க. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வாசலில் செருப்பை மாட்டும்போது இடது எது, வலது எது என்று தெரியாமல் மாற்றி மாட்டிக்கொண்டு, தெருமுனை வரை அப்படியே நடந்து போனார்.

புதன்கிழமை மதியம் அக்கா மகள் கடைக்கு வந்தாள். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. கைக்குட்டைப் பொட்டலத்தையும் படிவத்தையும் மேஜையில் வைத்தாள்.

"படிவத்தை விட்டுட்டு வந்துட்டீங்க. கட்டம் காலியாவே இருக்கு. லேபுக்கு அனுப்பப் போறேன். உங்களுக்குக் கிடைச்சதுக்கு மேலயும் அவங்களுக்குக் கிடைக்கலாம் இல்லையா?"

"கிடைக்கலாம் கண்ணு. அந்த முன்பகுதி மட்டும் யாருக்கும் கிடைக்காது. மத்ததுல என் கண்ணுக்குத் தப்பினது இருக்கலாம்."

பேனாவை எடுத்தார். நான் இன்ன வேலை செய்பவன், இன்ன தேதியில், இரண்டு டிஸ்க்குகளின் நம்பரைச் சரிபார்க்காமல், வெற்று டிஸ்க்கை இதன் மேல் எழுதினேன் என்று தொடங்கினார். கட்டம் போதவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். அவள் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான்... அந்தச் சின்ன டிஸ்க்கைத் திறந்தாரா?"

"ரெண்டு நாள் தொடவே இல்ல. நேத்து சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து முதல் ஃபைலைத் திறந்தாரு. ஐஸ் தண்ணி வச்ச டம்ளருக்கு ஏன் வேர்க்குதுன்னு இருந்துச்சு. 'இது நீ கேட்டது'ன்னாரு. எனக்கு ஞாபகமே இல்ல மாமா. 'நானா கேட்டேன்'னேன்." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அப்ப என்னைப் பாத்தாரு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ திருகாணியைத் தேடினார்.

"கண்ணு, மேடையில அவருக்கு மரியாதை பண்ற அன்னிக்கு... நான் பின்னாடி ஒரு ஓரமா வந்து நிக்கட்டுமா?"

அவள் படிவத்தை எடுத்து மடித்தாள். "அப்பாகிட்ட கேக்கணும் மாமா" என்றாள். பிறகு, "இப்ப கேக்க முடியாது" என்றாள்.

"சரி கண்ணு. சரி."

டிஸ்க்கை எடுத்தார். அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. ஒரு துண்டு சிவப்பு டேப்பைக் கிழித்து, குழந்தை ஒட்டிய சீட்டின் மேல் படாமல் அதன் முதுகில் ஒட்டினார். சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகளை உரக்கப் படித்தார். இரண்டாவது முறை படிக்கும்போது மூன்றாவது எழுத்தில் குரல் உடைந்தது. அவள் காத்திருந்தாள். நான்காவது எழுத்தையும் சொல்லி முடித்தார்.

பெட்டிக்குள் வைத்து நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இனிமே எதுக்கும்மா ரெண்டு கை?" என்றார். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார்.

அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். ஒரு கையை எடுத்துப் பார்த்தாள். பெட்டி லேசாகச் சாய்ந்தது. சட்டென்று மறு கை தானாகவே வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

"பழகிப் போச்சு மாமா" என்றாள்.

எப்போதும் 'போயிட்டு வரேன் மாமா' என்பாள். அன்று, "கிளம்புறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து ஒவ்வோர் அடியாக வைத்து, தெருவைக் கடந்து போனாள்.